இருபத்தொரு பள்ளங்கள்

கோமதியின் கன்னத்தை ஒரு குரங்கு உரித்துக்கொண்டிருந்தது. நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஆறிப்போன சுக்குக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து விரட்டியிருக்கலாம். பதினாறு காலடி தூரம்தான்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்கள் பதற வேண்டாம். கோமதி என் மனைவி. அவள் இறந்து அன்றைக்கு ஓராண்டும் நாற்பத்து நான்கு நாளும் ஆகியிருந்தன. குரங்கு உரித்தது அவளுடைய படத்தை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்கள் மகன் சங்கர் ஒரு கடை வைத்திருக்கிறான். அதன் சுவரில் எட்டு அடி அகலத்துக்கு அவள் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தோம்.

கடை என்றால் கட்டடம் அல்ல. கப்பலில் போய்வந்து கிழடாகி, தூத்துக்குடியில் விலைக்கு விட்ட இரும்புக் கண்டெய்னர். இருபது அடி நீளம். ஒரு பக்கத்தை வெட்டி அடுப்பும் மேடையும் வைத்திருக்கிறான். சாலையைப் பார்த்த இன்னொரு பக்கம் முழுச் சுவர். அந்தச் சுவர் சமதளம் கிடையாது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மேலிருந்து கீழாக மடித்த தகடு. இருபத்தொரு பள்ளம். பதினான்கு தடவை எண்ணியிருக்கிறேன். ஒரு தடவை இருபது வந்தது. அன்று நல்ல சாரல், கண்ணாடியில் தண்ணீர்.

குரங்கு முதலில் உரிக்கவில்லை. விரலால் தட்டிப் பார்த்தது. பள்ளத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் நின்ற இடத்தில் ‘டப்’ என்று சத்தம் வந்தது. அதற்கு அது பிடித்துப்போயிற்று. இன்னொரு பள்ளம். டப். மூன்றாவது தட்டலில் நகம் உள்ளே போய்விட்டது. குளிக்க வந்தவர்கள் ஈரத்துண்டோடு நின்று கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் கைதட்டிச் சிரித்தது. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்த கிழிசல் உதடு வரை வந்தபோதுதான் சங்கர் அடுப்படியிலிருந்து கம்போடு ஓடி வந்தான்.

“ஏன்ப்பா, பாத்துட்டா இருக்கிய?” என்றான்.

அந்தக் குரங்கின் மேல் தப்பில்லை. ஸ்டிக்கரை ஒட்டிய பெண்ணின் மேலும் தப்பில்லை. அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டமாகப் பிடி

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சர்வேயராக இருந்தவன். இதை இந்தத் தொடரில் ஏற்கெனவே ஐந்து முறை சொல்லிவிட்டேன், இது ஆறாவது. வேறு வழியில்லை. என் தப்பு அங்கிருந்துதான் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரும்புச் சங்கிலிதான். எங்கள் வேலையின் முதல் விதி: தரை ஏறினாலும் இறங்கினாலும் சங்கிலி மட்டமாக இருக்க வேண்டும். சரிவில் அளக்கும்போது பள்ளத்தில் நிற்கும் ஆள் சங்கிலியின் முனையை நெஞ்சுக்கு, சில நேரம் தலைக்கு மேல்கூடத் தூக்கிப் பிடிப்பான். அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் முளை அடிப்போம். படிக்கட்டு இறங்குவதுபோல் இப்படியே போக வேண்டும். தரையோடு தரையாகச் சங்கிலியைப் படுக்கப் போட்டால் நீளம் கூடிவிடும். படம் பக்கத்து நிலத்தோடு பொருந்தாது.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையை ஒட்டிய ஒரு புஞ்சையை இப்படி அளந்தபோது நிலத்துக்காரர் சண்டைக்கு வந்தார். பெரிய மீசை. தோளில் ஈரத்துண்டு.

“என்ன சர்வேயர் சார், சங்கிலிய அந்தரத்துல புடிக்கிய? தரையில போடுங்க.”

“படத்துக்கு மட்ட அளவுதான் அண்ணாச்சி.”

“நான் மட்டத்துலயா உழுதேன்? ஏறி எறங்கில்லா உழுதேன்? எம் மாடு ஏறி எறங்கினதெல்லாம் யாரு கணக்குல வரும்?”

“மாட்டுக்குத் தனியா ஒரு படம் போட்டுத் தாரேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைக் கோமதியிடம் சொன்னேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

“அவரு கேட்டது சரிதான?” என்றாள்.

நான் அவளுக்கு வரைபடம் என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்கினேன்.

நோட்டு

எனக்குச் சர்க்கரை வந்ததும் எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். மாதம் முதல் தேதி நான் ஏறி நிற்பேன். அவளையும் ஏற்றி நிறுத்துவேன். நோட்டில் எழுதுவேன். அவளுக்கு ஐம்பத்தெட்டு. பிறகு ஐம்பத்து மூன்று. பிறகு நாற்பத்தேழு.

“வயசாகுதுல்லா. ஒடம்பு வத்தத்தான் செய்யும்” என்பாள். நான் தேதி போட்டேன். எண்ணுக்குக் கீழே கோடும் போட்டேன்.

சென்னையில் வேலையிலிருந்த சங்கர் பொங்கலுக்கு வந்தவன், வாசலில் அவளைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கார் வரச் சொன்னான். மருத்துவமனையில் டாக்டர், எவ்வளவு நாளாக இளைத்து வருகிறார் என்று கேட்டார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்று எண்களையும் மூன்று தேதிகளையும் படித்தேன். நன்றாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர்கூடச் சொன்னார்.

சங்கர் நோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எழுதி வச்சிருக்கிய. கூட்டிட்டு வந்தியளா?”

அதற்குப் பிறகு அவள் நான்கு மாதமும் ஒன்பது நாளும் இருந்தாள். கடைசி வாரத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

சங்கர் சென்னைக்குத் திரும்பவில்லை. அவனும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா, மோட்டார் போடணும், கதவைச் சாத்திக்கிடுங்க. ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் போகாது. குத்துமதிப்பு அல்ல, எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நூல்

கோமதியின் முதல் வருஷத் திதி கழிந்த மறுநாள் கடை திறப்பது என்று சங்கர் முடிவு செய்தான். அதற்குள் சாரலும் கட்டிவிடும், கூட்டமும் வந்துவிடும். கடைக்கு அவள் பெயர். சுவரின் இடதுபக்கம் ‘கோமதி சுக்குக் காப்பி’ என்று எழுத்து, வலதுபக்கம் முகம். புளியங்குடியில் அவள் தங்கை மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தான். கன்னம் நிறைந்து, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. ஐம்பத்தெட்டுக் கிலோ முகம்.

ஒட்டும் வேலையைப் பேச்சியிடம் கொடுத்தான். தென்காசி பழைய பேருந்து நிலையம் பக்கம் கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும். அந்தப் பக்கத்து வேன்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் பெரும்பாலும் அவள்தான் ஸ்டிக்கர். லாரியின் உருண்டைத் தொட்டியில் சுருக்கம் விழாமல் ஒட்ட வேறு ஆள் கிடையாது என்பார்கள்.

“அளவ அவங்களே வந்து எடுத்துக்கிடுவாங்கப்பா” என்று சங்கர் சொன்னான்.

“எதுக்கு? நான் இருக்கேம்லா?”

நாடாவைச் சுவரின் முனைக்கு முனை இழுத்துக் கட்டினேன். தொய்யவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஓரத் தூண்கள் போகப் பத்தொன்பதரை அடி. கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, இருபத்தொரு பள்ளத்தையும் குறித்து, பேச்சி கடையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “சர்வேயர் சார்வாள் அளந்ததுக்கு மேல நான் என்னத்த அளக்க?” என்றாள்.

திதிக்கு முதல் நாள் காலையில் ஒட்ட வந்தாள். சங்கர் பாத்திரம் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தான். பேச்சி சுவரை ஈரம் போகத் துடைத்தாள். சூடான காற்றை ஊதும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். அதைத் தாளில் காட்டி இளக்கி, மேட்டில் ஒட்டி, கையுறை போட்ட விரலால் பள்ளத்துக்குள் இறக்கி, அடுத்த மேட்டுக்கு ஏற்றினாள். ஒட்டிய இடத்தில் மறுபடியும் சூடு காட்டினாள்.

“ஒட்டியாச்சுல்லா, திரும்ப எதுக்கு?” என்று கேட்டேன்.

“தாளுக்கு ஞாபகம் சாஸ்தி சார்வாள். நேரா இருந்தத நெனச்சுக்கிட்டே இருக்கும். சூடு வச்சு மறக்கடிக்கணும். இல்லன்னா பள்ளத்துலேருந்து எந்திரிச்சிரும்.”

முகத்திலிருந்துதான் ஆரம்பித்தாள். நாலடி அகலத்தில் இரண்டு தாள். முதல் தாள் முடிந்ததும் பின்னால் நகர்ந்து வந்து நின்றாள். தலையைச் சாய்த்தாள்.

“சார்வாள், இங்கன வந்து பாருங்க. லேசா ஒடுங்கினாப்ல இல்ல?”

லேசாக இல்லை. என் கண்ணுக்கு இல்லை. பாதி முகம்தான் அங்கே இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. மூக்கு கூர்ந்திருந்தது. புளியங்குடிக் கல்யாணத்தில் எடுத்த முகம் அல்ல அது. மருத்துவமனைக் கட்டிலில் நான் பக்கத்திலிருந்து மூச்சை எண்ணிய முகம்.

பேச்சி பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். சுவரின் ஒரு முனையில் நூலை ஒட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் அழுத்தி ஏற்றி இறக்கி மறுமுனைவரை போனாள். வெட்டி எடுத்து என் நாடாவோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு பள்ளத்துக்கு முக்கால் அங்குலம் கூடுதல். இருபத்தொரு பள்ளத்துக்குப் பதினைந்தேமுக்கால் அங்குலம். நாலடித் தாள் நாலு பள்ளத்தில் இறங்கி ஏறி மூன்றேமுக்கால் அடியாக நின்றுவிட்டது.

“மேட்டுக்கு மேடு பாலம் போட்டுல்லா அளந்திருக்கிய? தாளு பாலத்துலயா நடக்கும்? எறங்கி ஏறில்லா போவும்?”

எனக்கு மீசைக்காரர் ஞாபகம் வந்தார்.

“எம் மேலயும் தப்புதான். வந்து நூல் புடிச்சிருக்கணும். உங்க படத்தப் பாத்து மயங்கிட்டேன். வடக்கு எதுன்னு அம்புக்குறி வேற போட்டிருந்திய.” சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “விடுங்க சார்வாள். சரியான அளவுக்கு மறுபடி அடிச்சிருவோம். மூணு நா ஆவும். தம்பிட்ட நான் சொல்லுதேன்.”

“வேண்டாம்.”

“கடை தொறக்கது ஒரு நா தள்ளும். அம்புட்டுதான?”

“வேண்டாம்மா. அளவு தப்புன்னு அவன்ட்ட சொல்ல வேண்டாம்.”

அவளுக்கு நோட்டுக் கதை தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

“பள்ளத்துல எறக்காம, மேட்டுக்கு மேடு இழுத்து ஒட்டுனா என்ன?” என்று நான்தான் கேட்டேன்.

“முழு அகலமும் வந்துரும். முகமும் நெறஞ்சு இருக்கும். ஆனா எத்தன நாளைக்கு? உள்ள காத்து நிக்கும். வெயிலுக்கு ஊதும், மழைக்கு ஒடுங்கும். என்னைக்காவது பிய்ஞ்சிரும். அன்னைக்கு அளந்தவரு பேரா கெடும்? ஒட்டுனவ பேருல்லா கெடும்?”

“அவன் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

“மொதல்ல கண்ணத் தொடைங்க” என்றாள்.

ஒட்டியதைச் சூடு காட்டி மெல்ல உரித்தாள். மறுபடி, மேட்டுக்கு மேடு, தப்பட்டைத் தோல்போல இழுத்து ஒட்டினாள். மதியம் மூன்றரைக்கு முடிந்தது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சங்கர் வந்தான். பாத்திர மூட்டையை இறக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்தான். இறங்கி வந்து சுவரில் தன் அம்மாவின் மோவாயைத் தொட்டான்.

“அளவு கச்சிதமா இருக்குப்பா.”

மூன்று வார்த்தை. ஒரு வருஷத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்லது.

மூச்சு

முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. பிறகு சாரல் பிடித்தது.

குற்றாலச் சாரலைப் பற்றி எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறார்கள். எனக்கு அது துணி காயாத காலம். முழங்கால் வலிக்கிற காலம். படியெல்லாம் பாசி. சட்டைப்பையில் வைத்த தாள்கூட நமுத்துப்போகும். ஐந்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் தூறல், மறுபடி வெயில்.

வெயில் வந்தால் பள்ளத்துக் காற்று சூடாகி ஸ்டிக்கர் மெதுவாக ஊதும். தூறல் விழுந்தால் உள்ளே ஒடுங்கும். அவள் கன்னம் எழுந்து அமர்ந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. காப்பி குடிப்பார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், அருவிக்குப் போவார்கள். நான் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருங்கள் என்று சங்கர் சொன்னாலும் தினமும் வந்தேன். எண்ணாமல் இருக்க முயன்றேன்.

திறந்து நாற்பத்து மூன்றாம் நாள் குரங்கு வந்தது.

பதினொன்று

மறுநாள் சங்கர் கூப்பிட்டுப் பேச்சி வந்தாள். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில். கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

“என்னக்கா இது? ஒன்றரை மாசம் தாங்கல?” சங்கர் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்று போட்டான். “லாரியில ஒட்டுனா மட்டும் வருஷக்கணக்குல நிக்குது. எங்க அம்ம முகம்னா எப்படியும் ஒட்டலாம்னு நெனச்சியளா?”

பேச்சி கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு நிற்பதுபோல் பார்த்தாள்.

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். எதிரே ஒருவர் பஜ்ஜியைத் துண்டுத்தாளில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. சங்கர் ‘கூட்டிட்டு வந்தியளா?’ என்று கேட்ட குரல்தான் காதில் இருந்தது. பதினொன்று.

“ஒட்டுனது நாந்தான் தம்பி” என்றாள் பேச்சி. “பேரும் எனக்குத்தான்.”

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே சங்கர் ஏணி போட்டு மிச்சம் இருந்ததையெல்லாம் உரித்து எடுத்தான். எழுத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். முகத்தைப் போடவில்லை. சுருட்டி நூல் கட்டி வீட்டுப் பரணில் வைத்தான். அந்தச் சாலையில் எங்கள் கடையோடு சேர்த்து ஐந்து கண்டெய்னர் கடைகள். மற்ற நான்கில் இரண்டு பேர் பேச்சியிடம் வேலை சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் திருநெல்வேலியிலிருந்து ஆளைக் கூட்டி வந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் காலையில் எங்கள் கடையில்தான் காப்பி குடிக்கிறார்கள்.

எத்தனையாவது நாளைக்கு?

ஆவணியில் ஒரு நாள் தென்காசிக்குப் போய் அவள் கடை வாசலில் நின்றேன். மேஜையில் குனிந்து ஒரு ஆட்டோவுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வாங்க சார்வாள். அங்கன ஸ்டூல் கெடக்கு.”

“பேச்சி, அன்னைக்கு...”

“கேட்டா சொல்லிக்கிடுதேன்னு சொன்னிய. கேட்டாகளே.”

“நாக்கு எழும்பல.”

“எனக்கு எழும்பிச்சு. மென்னு முழுங்கிட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துதான். ஐந்தருவி ரோட்டுல ரெண்டு கடை போச்சு. போனது கூடப் பரவால்ல. மார்க்கெட்டுல வச்சு ஒருத்தன் கேக்கான், என்னக்கா, இப்ப கொரங்குக்குல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுதியளாமேன்னு.”

“நாளைக்குச் சொல்லிருதேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எத்தனையாவது நாளைக்கு சார்வாள்? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவியளே.”

என்னால் பதில் சொல்ல முடிந்திருக்கும். அதுதான் வெட்கம்.

பசை

புரட்டாசி பிறந்து, அருவியில் தண்ணீர் நூலாகி, கூட்டம் போய்விட்டது. ஒரு மதியம் கடையில் யாரும் இல்லை. சங்கர் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். நேராக முகத்தைப் பார்த்தால் வந்திருக்காது.

நாடாவை மட்டமாகப் பிடித்ததைச் சொன்னேன். பதினைந்தேமுக்கால் அங்குலத்தைச் சொன்னேன். பேச்சி மறுபடி அடிக்கிறேன் என்றதையும், நான் வேண்டாம் என்றதையும், பாதி முகத்தில் நான் பார்த்ததையும் சொன்னேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?”

“ஒட்டுன அன்னைக்கே.”

“அதுக்கு ஆச்சு எத்தன நாளு?”

“நூத்திப் பதினெட்டு.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசிக்கக்கூட இல்லை.

சங்கர் திரும்பினான். துணியை மேடையில் வைத்தான்.

“எண்ணி வச்சிருக்கிய” என்றான்.

மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவை இறக்கிப் பூட்டினான். வண்டியைக் கிளப்பினான். “ஏறுங்க” என்றான். பேச்சி கடை வாசலில் வண்டியை நிறுத்தி, நான் இறங்குவதற்குள் உள்ளே போய்விட்டான்.

“அக்கா, அப்பா சொல்லிட்டாங்க. நான் அன்னைக்கு அத்தன பேரு முன்னால பேசியிருக்கக் கூடாது.”

“சரி தம்பி.”

“ஐந்தருவிக் கடைக்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்லுதேன்.”

“சொல்லுங்க. சொன்னா நல்லதுதான்.”

“சரியான அளவுக்கு நீங்களே மறுபடி ஒட்டித் தாங்கக்கா.”

பேச்சி என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அந்தச் சுவத்துல இனி நான் கை வைக்க மாட்டேன் தம்பி. கோவம்லாம் இல்ல. கை வராது.”

சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு நூல்சுருளை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்று வெட்டிய அதே நூல். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மையால் புள்ளி வைத்திருந்தாள்.

“வேற யாரும் ஒட்டுனா இதக் குடுங்க. நாடாவத் தொடாதிய.”

இருபது அடி ஒன்பதேமுக்கால் அங்குலம். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

சங்கர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. முகம் பரணில்தான் இருக்கிறது. கோமதியின் முகத்தை உரித்த இடத்தில் பசை மட்டும் நின்றுவிட்டது, அதுவும் மேட்டில் மட்டும். சாலைத் தூசி அதில் ஒட்டி, மேலிருந்து கீழாக ஒன்பது கறுப்புக் கோடுகள். நடுவே எட்டுப் பள்ளமும் சுத்தமாக இருக்கின்றன. அந்த எட்டு இடத்திலும் அவள் சுவரைத் தொட்டதே இல்லை.

நான் இப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கொல்லத்திலிருந்து வந்த ஒருவர் காப்பியும் கையுமாக அந்தக் கோடுகளைப் பார்த்து, இது என்ன, பெயின்ட் அடிக்காமல் விட்டுவிட்டீர்களா என்று சங்கரிடம் கேட்டார். சங்கர் பாலை ஆற்றிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினான்.

“அப்பாட்ட கேளுங்க. அவங்க சொல்லுவாங்க.”

சொன்னேன். நாடாவிலிருந்து குரங்கு வரை, நூற்றுப் பதினெட்டு நாளும் உட்பட. சங்கர் பாலை ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவன் கை என் பக்கம்தான் நீளுகிறது. இதுவரை ஏழு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் உங்களிடம். உங்களை எண்ண எனக்கு வழியில்லை.